கருங்கல்லில் எழுந்த தந்தையின் ஆலயம்

கொழும்பு கொச்சிக்கடையில் விளங்கும் அருள்மிகு பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தரிசித்த மெய்யன்பர்கள் நம் ஜொகூரிலும் உளர். அதனைக் கருங்கல் திருக்கோயிலாக எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார்.

1851ஆம் ஆண்டு பிறந்த அன்னார், சட்டம் பயின்று இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாகப் பணியாற்றினார். அவர்தம் தந்தையார் பொன்னம்பல முதலியார் 1850களில் செங்கல்லால் அமைத்த அவ்வாலயம், அரை நூற்றாண்டில் பழுதுற்றது. காற்றும் மழையும் செங்கல்லையும் சுதைச் சிற்பங்களையும் என்ன செய்யும் என்பதைத் திருப்பணிக் குழுவினர் நன்கறிவர். இன்று பூசி மறைத்த வெடிப்பு, அடுத்த அடைமழையில் மீண்டும் வாய் திறக்கும். ஆயினும், தந்தையார் கட்டியதைக் கலைப்பது எந்த மகனுக்கும் எளிதன்று.

இராமநாதன் மேற்பூச்சோடு நிறைவுறவில்லை. 1907இல் கருங்கல் திருப்பணியைத் தொடங்கினார். தென்னிந்தியச் சிற்பிகள் வரவழைக்கப்பட்டனர். தூண், சுவர், விதானம் யாவும் கல்லிலே அமைந்தன. செலவைத் தம் பொருளாலேயே ஏற்றார். ஐந்தாண்டு உளியோசைக்குப் பின், 1912இல் குடமுழுக்கு இனிதே நிறைவேறியது.

மறு ஆண்டே யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1930ஆம் ஆண்டு சிவபதம் எய்தினார். கொச்சிக்கடை ஆலயத்தின் திருநாமத்தில் தந்தையாரின் பெயர் இன்றும் ஒலிக்கின்றது.