புகழொளி காணா மருத்துவ மேதை சுப்பாராவ்

சாயமேற்றிய பட்டு நூலை நேர் வெயிலில் இடாது நிழலில் உலர்த்த வேண்டும் என்பது காஞ்சி மாநகரின் நெசவுத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஒளி நிறத்தை மாற்றும். அவ்வொளியே மருந்தின் இயல்பையும் மாற்றும் என்பது அறிவியல் கண்ட உண்மை. அத்தகைய மருந்துகள் சில உலகிற்குக் கிட்டக் காரணமாயிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வை இங்கு நினைவுகூர்வோம்.

1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் அவர் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிக்குலேஷன் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவப் பயிற்சிக்குக் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் சினங்கொண்டார். விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவியது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. கைத்தறியால் வாழும் ஊரினராகிய நாம், ஒரு துணிக்காக அவர் கொடுத்த விலையை எளிதில் உணர்வோம்.

உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டு சென்றது. அந்நோயுற்றுத் தாம் பிழைத்த சுப்பாராவ், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் ஆசிரியப் பணி ஆற்றியபின் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் மருத்துவமனையொன்றில் இரவு ஊழியராய் உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் கற்றார். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியால் கணிக்கும் முறையை வெளியிட்டார். 1930இல் முனைவர் பட்டம் பெற்றும் அங்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தை அடைந்தார்.

அங்கு அவர் வழிநடத்திய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். தம் உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கே அது மருந்தாயிற்று. காஞ்சி வட்டாரத்தையும் வாட்டிய யானைக்கால் நோய்க்கு 1947இல் ஒரு மருந்து பிறந்தது. புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட்டும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினும் அவ்வாய்வகம் அளித்த கொடைகளே.

ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட்டும் ஒளி பட்டால் சிதையும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை உட்கொள்வோர் சிலருக்கு வெயில் பட்ட தோல் எரிந்து சிவக்கும். மருந்து ஒளியை ஈர்த்து, அவ்வாற்றலை ஆக்சிஜனுக்கு அளிக்க, அது உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்பு மென்படலத்தைத் தாக்குவதே இதற்குக் காரணம். இதனை ஆராய்வோர், உயிரணுப் படலத்திலுள்ள பாஸ்பரஸ் கலந்த கொழுப்பை நீரின்மேல் ஒரே மூலக்கூறு கனத்தில் பரப்புவர். நீரில் மருந்தைக் கலந்து, ஒளி படுமுன்னும் பட்டபின்னும் பரப்பு இழுவிசை எவ்வாறு மாறுகிறது என அளப்பர். அக்கொழுப்பின் அளவை அறியப் பெரிதும் பயன்படுவது, 1925ஆம் ஆண்டு முறையின் வழிவந்த அந்நீலநிறச் சோதனையே. பட்டம் மறுக்கப்பட்டவரின் பெயர் இவ்வாறு ஆய்வகந்தோறும் வாழ்கிறது.

1948 ஆகஸ்டில், தம் 53ஆம் அகவையில், தாயகம் திரும்பாமலே நியூயார்க்கில் அவர் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. 1995இல் இந்திய அரசு நூற்றாண்டு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. ஒளி படாது காக்கவேண்டிய மருந்துகளைத் தந்தவர், புகழின் ஒளி தம்மீது படாமலே வாழ்ந்து முடித்தார்.

மாணவச் செல்வங்களே! தேர்வில் முதன்முறை தவறியவர் தளர்ந்துவிட வேண்டா. மும்முறை முயன்ற ஒருவரால் எத்துணை உயிர்கள் காக்கப்பட்டன என்பதை எண்ணிப் பாருங்கள். கிட்டாத பட்டத்தினும் செய்த பணியே நிலைபெறும் என்பது சுப்பாராவின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.