பானை வனைந்த பட்டதாரி

ஆக்ஸ்போர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர் என்ன வேலைக்குப் போவார்? அரசாங்க அதிகாரியாவார், இல்லையேல் கல்லூரி ஆசிரியராவார். மைக்கேல் கார்டியூ களிமண் பிசையப் போனார்.

1901-ல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தவர் அவர். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். விடுமுறைக்கு டெவன் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், ஃபிஷ்லி என்னும் அவ்வூர்க் குயவரின் ஜாடிகளை வாங்கி வருவார். வீட்டில் புழங்கிய அந்த ஜாடிகள் பையனின் மனத்தில் பதிந்துவிட்டன. கல்லூரி விடுமுறைகளில் ஃபிஷ்லியின் பேரனிடமே சக்கரத்தில் வனையக் கற்றுக்கொண்டார். 1923-ல், ஜப்பானில் தொழில் பழகித் திரும்பியிருந்த பெர்னார்ட் லீச்சின் பட்டறையில் சீடராகச் சேர்ந்தார்.

மூன்று வருஷம் கழித்து, வின்ச்கோம் என்ற ஊருக்கு அருகே மூடிக் கிடந்த ஒரு பழைய சூளையை வாடகைக்குப் பிடித்தார். முன்பு அங்கே வேலை பார்த்த எலைஜா கம்ஃபர்ட் என்ற வயதான குயவரை மீண்டும் சக்கரத்துக்கு அழைத்து வந்தார். உள்ளூர்ச் செம்மண், விறகுச் சூளை, மேலே மெருகு. செய்தது அலங்காரப் பொம்மையல்ல. குடுவை, அடுப்பில் வேகவைக்கும் சட்டி, கிண்ணம், தட்டு. அலுமினியமும் ஆலைப் பீங்கானும் வந்து கிராமத்துக் குயவரை ஒழித்துவிட்ட காலம் அது. சாதாரணக் குடும்பம் சாதாரண விலைக்கு வாங்கி, தினமும் கழுவிக் கவிழ்க்கும் பாண்டமாகத் தம்முடையது இருக்க வேண்டும் என்பது கார்டியூவின் வைராக்கியம்.

வாங்கியவர்களோ பெரும்பாலும் ரசனையுள்ள பட்டணத்துப் பணக்காரர்கள். அவர்களிடமும் அதிக விலை சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. கல்யாணமாகி மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தனர். 1939-ல் கார்ன்வாலில் வென்ஃபோர்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில் புதுச் சூளை கட்டினார். யுத்தம் வந்தது. சூளை சோறு போடவில்லை.

1942-ல், நாற்பத்தோரு வயதில், சம்பளத்துக்காகக் கப்பலேறினார். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று வழங்கும் கோல்டு கோஸ்ட்டில், அச்சிமோட்டா கல்லூரியில் மண்பாண்ட ஆசிரியர் வேலை. மனைவியும் பிள்ளைகளும் இங்கிலாந்தில். குடும்பத்தை ஊரில் விட்டு வெளியூரில் சம்பளம் வாங்குகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யுத்தத் தேவைக்காக ஓடும் செங்கல்லும் பாத்திரமும் பெரிய அளவில் செய்யும் தொழிற்சாலை ஒன்றை அவர் தலையில் கட்டினார்கள். அது தோற்று, 1945-ல் மூடப்பட்டது. மனிதர் ஊர் திரும்பவில்லை. வோல்டா நதிக்கரையில் வூமே என்ற கிராமத்தில் சொந்தப் பொறுப்பில் ஒரு சூளை வைத்தார். மூன்று வருஷப் போராட்டத்துக்குப் பின் நோயாளியாக வீடு வந்து சேர்ந்தார்.

1951-ல் மறுபடி பயணம். இம்முறை நைஜீரிய அரசாங்கத்தின் மண்பாண்ட அதிகாரியாக. அபுஜா என்ற ஊரில் (இன்று அதன் பெயர் சுலேஜா, பழைய பெயரைப் புதிய தலைநகரத்துக்குச் சூட்டிவிட்டார்கள்) பயிற்சி நிலையம் அமைத்தார். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி போல, மிகுந்த சூட்டில் கல்லாக இறுகும் பாண்டங்கள் அங்கே செய்யப்பட்டன. மண்ணும் மெருகுக்கான கல்லும் சாம்பலும் அந்த நாட்டிலேயே தேடி எடுத்தவை. மாணவர்களுக்கு எல்லா வேலையும் தெரிய வேண்டும்: மண் கரைப்பது, வனைவது, மெருகிடுவது, சூளை எரிப்பது. தேநீர்க் கெண்டிதான் கடினமான பாடம். உடல், மூடி, மூக்கு மூன்றையும் தனித்தனியே வனைந்து ஒட்ட வேண்டும். மூடி பொருந்த வேண்டும். ஊற்றும்போது மூக்கிலிருந்து சொட்டக் கூடாது.

ஆனால் அப்பகுதிப் பெண்கள் சக்கரமே இல்லாமல் பெரிய தண்ணீர்ப் பானைகள் செய்துவந்தார்கள். பானையைச் சுற்றவிடாமல் தாங்களே குனிந்தபடி அதைச் சுற்றி வந்து, மண் திரிகளை ஏற்றி வழித்து, பல்லி, பாம்பு உருவங்களைக் கீறுவார்கள். அவர்களில் ஒருவர் லாடி குவாலி. ஊர் அமீரின் மாளிகையில் அவர் செய்த பானைகளைக் கார்டியூ முன்பே பார்த்திருந்தார். 1954-ல் லாடி நிலையத்தில் சேர்ந்தார். அங்கு சேர்ந்த முதல் பெண் அவர். சக்கரமும் கற்றார், தம் பழைய பானையையும் விடவில்லை.

இங்கே ஒரு சங்கடம். மெருகிட்டுக் கல்லாக்கிய பானையில் நீர் கசியாது; கசியாவிட்டால் தண்ணீர் குளிராது. எனவே லாடியின் மெருகிட்ட பானைகள் கிணற்றடிக்குப் போகவில்லை. லண்டன் கண்காட்சிக்குப் போயின, புகழும் பெற்றன. நைஜீரியாவின் இருபது நைரா நோட்டின் பின்பக்கத்தில் பிற்பாடு அவர் உருவமே இடம்பெற்றது. நிலையத்தின் கெண்டிகளையும் கோப்பைகளையும் வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே. வின்ச்கோமில் பட்ட ஏமாற்றம் கடல் கடந்தும் அவரைத் தொடர்ந்தது. ஆனாலும் அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனமில்லை. அங்கே பயின்றவர்கள் கைத்தொழிலோடு வெளியே வந்தார்கள்.

1965-ல் ஓய்வு பெற்று வென்ஃபோர்ட் பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1968-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் பழங்குடி மக்களுக்குத் தொழில் கற்பிக்கப் போனார். 1969-ல் தம் அனுபவம் முழுவதையும் பெரிய நூலாக வெளியிட்டார். இசையமைப்பாளராகப் பெயர் பெற்றிருந்த நடுமகன் கார்னீலியஸ் 1981-ல் லண்டன் தெருவில் கார் மோதி இறந்தார். மோதிய கார் நிற்கவில்லை. பதினான்கு மாதங்களுக்குப் பின், 1983 பிப்ரவரியில் கார்டியூவும் காலமானார். வென்ஃபோர்ட் பிரிட்ஜ் சக்கரத்தில் மூத்த மகன் சேத் உட்கார்ந்தார்.