லெபனோன் மலைப்பாதையில் புனித சார்பெல்



யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நமக்கு நன்கு பழக்கமான அந்தோனியாரையும் சவேரியாரையும் பற்றி எழுதத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் நம் பங்கில் அதிகம் பேசப்படாத ஒருவர் பல ஆண்டுகளாக என் உள்ளத்தில் இடம் பிடித்திருக்கிறார். அவர் எழுதி வைத்த நூல் ஒன்றுமில்லை. பேசியதும் மிகக் குறைவு. அவர் நடந்த மலைப்பாதைகளைத் தொடர்ந்து போனால்தான் அவருடைய வாழ்க்கை நமக்குப் பிடிபடுகிறது. அவர்தான் லெபனோன் நாட்டுத் துறவி, புனித சார்பெல் மக்லூப்.

வேதாகமத்தில் லெபனோனின் கேதுரு மரங்களைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த மலைத்தொடர் மத்தியதரைக் கடலின் கீழைக் கரையை ஒட்டி எழும்பி நிற்கிறது. கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்ளாகவே 3,088 மீட்டர் உயரமுள்ள சிகரம் வந்துவிடுகிறது. மலையின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீரும் உருகிய பனிநீரும் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, உள்ளே குகைகளைக் குடைந்து, கீழே வேறெங்கோ ஊற்றாகப் புறப்படுகின்றன. எனவே நீர் ஊறும் இடத்தில் கிராமம் அமைந்தது. குகை உள்ள இடத்தில் துறவி குடியேறினார். ஊருக்கு ஊர், மடத்திற்கு மடம், பாறையை வெட்டிய ஒற்றையடிப் பாதைகள். இன்று நாட்டின் வடக்கே அண்ட்கெட் முதல் தெற்கே மர்ஜயூன் வரை சுமார் 470 கிலோமீட்டருக்கு ஒரு நெடும்பாதையைக் குறித்து, மலையேற்றப் பிரியர்களுக்கு வழி அமைத்திருக்கிறார்கள். அன்று அந்த மலையின் பாதைகளில் உல்லாசத்துக்காக நடந்தவர் யாருமில்லை.

மலைகளுக்கிடையே ஆழமாக வெட்டுண்டு கிடப்பது கதீஷா பள்ளத்தாக்கு. சிரியாக் மொழியில் கதீஷா என்றால் புனிதம் என்று பொருள். மரோனைட் திருச்சபை மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தஞ்சம் புகுந்த இடம் அது. அதற்கு மேலே, 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கும் பெக்கா கஃப்ரா என்ற சிற்றூரில், 1828ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஒரு ஏழைக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாக நம் புனிதர் பிறந்தார். இட்ட பெயர் யூசெப். நம் வழக்கில் சூசை.

பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது தகப்பனார் அந்தோனைப் படையினருக்காகக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில், வீடு வந்து சேராமலே, 1831ஆம் ஆண்டு அவர் இறந்துபோனார். பிரிந்தவர் திரும்பி வராத பாதையைச் சிறுவன் யூசெப் முதன்முதலில் அறிந்தது அப்படித்தான். விதவையான தாய் பிரிஜித்தா பின்னர் பக்தியுள்ள ஒருவரை மறுமணம் செய்தார். அவர் அவ்வூரிலேயே குருவானவரானார். (மணமானவரைக் குருவாக அபிஷேகம் செய்வது கீழைத் திருச்சபைகளில் பழைய வழக்கம், வாசகர்கள் வியப்படைய வேண்டாம்.) யூசெப் மாடு மேய்த்தான். மேய்ச்சலுக்கு நடுவே ஒரு குகையில் போய் முழந்தாளிட்டுச் செபிப்பான். தாய்மாமன்மார் இருவர் கதீஷாவில் கோசயா மடத்தைச் சேர்ந்த வனவாசத் துறவிகள். அவர்களிடம் போய்வருவதே அவனுக்குப் பெருமகிழ்ச்சி.

1851ஆம் ஆண்டு, இருபத்துமூன்று வயதில், ஒருநாள் விடியற்காலை யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்தார். மலைச்சரிவுகளைக் கடந்து மைஃபூக் அன்னை மடத்தில் சேர்ந்தார். செய்தி அறிந்த தாயும் உறவினரும் தேடி வந்தார்கள். மகனை அழைத்துப் போகத்தான் தாய் வந்தார். ஆனால் மகனின் உறுதியைக் கண்டபின், நல்ல துறவியாக இருக்கமாட்டாய் என்றால் இப்போதே என்னோடு வந்துவிடு, இருப்பாயானால் ஆண்டவருக்கே உன்னைத் தந்துவிடுகிறேன் என்ற கருத்துப்படப் பேசிவிட்டு, வந்த வழியே திரும்பினார் என்று மரபு கூறுகிறது. துறவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மகன் நடந்த பாதையைப் புகழ்கிறார்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு ஏறிப்போன அந்தத் தாயின் பாதை அதைவிடச் செங்குத்தானது என்பது என் எண்ணம்.

ஓராண்டுக்குப் பின் அன்னாயா என்னும் இடத்திலுள்ள புனித மாரோன் மடத்துக்கு அவரை அனுப்பினார்கள். கீழே ஜுபெயில் பட்டணத்துக் கடலை நோக்கியிருக்கும் மலை அது. பழைய இரத்தசாட்சி ஒருவரின் பெயரான சார்பெல் என்பதை ஏற்று, 1853ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வார்த்தைப்பாடு கொடுத்தார். பிறகு கஃபீஃபான் மடத்தில் ஆறு ஆண்டு வேதசாஸ்திரப் படிப்பு. அங்கே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நிமத்துல்லா ஹர்தினி என்ற துறவியும் 2004ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்றார். ஆசிரியரும் மாணவரும் இருவருமே பீடத்தில்! 1859ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கடலைப் பார்த்து நிற்கும் பிக்கெர்க்கே என்ற இடத்தில், பிதாப்பிதாவின் இருப்பிடத்தில் சார்பெல் குருப்பட்டம் பெற்று, மீண்டும் அன்னாயாவுக்கே ஏறிப்போனார்.

இனி அவர் நடந்த தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது. பதினாறு ஆண்டுகள் மடத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் இடையே. மண்வெட்டி பிடித்த குருவானவர் அவர். சொந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. தாய் காண வந்தபோதும் கதவுக்கு அப்பாலிருந்தே பேசி, இனி மோட்சத்தில் சந்திப்போம் என்று அனுப்பிவிட்டார் என்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: இந்த இடம் எனக்கு எளிதாகச் செரிக்கவில்லை. பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்பிவிட்டு விடுமுறையை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்மாரை நான் அறிவேன். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லத் தயங்குவேன். ஆயினும் தாயின்மேல் அன்பில்லாதவன் கதவை நன்றாகத் திறந்து பேசியிருப்பான். திறந்தால் தாயோடு போய்விடுவோம் என்று அஞ்சியவன்தான் மூடி வைத்திருப்பான். அப்படித்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

மடத்துக்கு மேலே, சிறிது தூரம் ஏறினால், புனித பேதுரு, பவுல் பெயரால் ஒரு வனவாசக் குடில் உண்டு. அங்கே போக அவர் நெடுநாள் ஆசைப்பட்டார். ஓர் இரவில் வேலைக்காரர் விளையாட்டாக அவருடைய விளக்கில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்றி வைக்க, அது எரிந்ததாகவும், அதைக் கண்ட மடத்து அதிபர் அனுமதி தந்ததாகவும் சொல்லப்படுகிறது. 1875ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அந்தக் குறுகிய ஏற்றத்தை ஏறினார். அடுத்த இருபத்துமூன்று ஆண்டுகள் அங்கேதான். நாளுக்கு ஒருவேளை உணவு. படுக்க ஆட்டுரோமப் பாய், தலைக்கு மரக்கட்டை. குளிர்காலத்தில் பனி மூடும் மலை அது என்பதை மறந்துவிடக் கூடாது. திருப்பலிக்குத் தயாரிக்க அவருக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். பூசை முடிந்தபின் நன்றியறிதலுக்கும் அப்படியே. முன்பூசைப் பாட்டு முடிவதற்குள் ஓடிவந்து திருவுடை அணியும் என்னைப் போன்றவர்களுக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பூசை செய்துகொண்டிருக்கையில், நற்கருணையைக் கையில் உயர்த்திய நிலையில் பக்கவாதம் தாக்கியது. எட்டு நாள் வேதனைக்குப் பின், கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு முந்திய இரவில் உயிர் பிரிந்தது. பனி கொட்டிக் கிடந்த சரிவில் சகோதரத் துறவிகள் அவருடைய உடலைச் சுமந்து, மடத்துக்கு இறக்கினார்கள். துறவிகளின் பொதுக் கல்லறையில், பெட்டி இல்லாமல், அடக்கம் செய்தார்கள்.

கல்லறையைச் சுற்றி இரவில் ஒளி தெரிவதாக அக்கம்பக்கத்து ஊரார் சொன்னதால், 1899ஆம் ஆண்டு அதைத் திறந்தார்கள். சேற்றுநீரில் கிடந்தும் உடல் அழியாதிருந்தது. பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 1976ஆம் ஆண்டு திறந்தபோது எலும்புகளே எஞ்சியிருந்தன. அதற்காக யாருடைய விசுவாசமும் குறையவில்லை. 1950ஆம் ஆண்டு முதல் நோயாளிகள் திரளாக வரத் தொடங்கியிருந்தார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம் சகோதரர்களும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், 1965ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் திருத்தந்தை 6ஆம் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1977ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் புனிதர் பட்டமும் அளித்தார். நம் இலத்தீன் முறைக் காலண்டரில் ஜூலை 24 அவருடைய நினைவுநாள். 2025ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை 14ஆம் லியோ அன்னாயாவுக்கு ஏறிச் சென்று அக்கல்லறைமுன் செபித்தார்.

1993ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இரவில், பக்கவாதத்தால் துன்புற்ற குடும்பத்தாய் ஒருவர் இப்புனிதரின் மன்றாட்டால் குணமடைந்ததாகச் சாட்சி சொன்னார். அதன் நினைவாக ஒவ்வொரு மாதமும் 22ஆம் நாள் அங்கே பவனி நடக்கிறது. மக்கள் செபமாலையோடு வனவாசக் குடிலில் புறப்பட்டு, மடத்துக் கோவில் வரை இறங்கி வருகிறார்கள். அன்று பனியில் அவருடைய உடலை இறக்கிக் கொண்டுவந்த அதே சரிவு.