தலைகீழாய் வரைந்த கை: பால் வில்லியம்ஸின் கட்டடக் கலை வாழ்வு

வீடு கட்டும் எண்ணத்தோடு வந்த வாடிக்கையாளர் மேசையின் ஒரு புறம் அமர்ந்திருப்பார். எதிரே அமர்ந்திருக்கும் கட்டடக் கலைஞர் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தாளில் கோடுகளை இழுக்கத் தொடங்குவார். முன்வாசல், கூடம், மாடிப்படி, தோட்டத்தைப் பார்த்த சன்னல் என ஒவ்வொன்றாக உருப்பெறும். வாடிக்கையாளருக்குச் சற்று நேரம் கழித்தே அந்த வியப்பு உறைக்கும். படம் தன் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராக இருக்கிறது. அப்படியானால் எதிரே இருப்பவர் அதைத் தலைகீழாக வரைந்துகொண்டிருக்கிறார்.

பால் ரெவீர் வில்லியம்ஸ் இந்த வித்தையை மணிக்கணக்கில் பழகிக் கைவரப் பெற்றார். பார்ப்பவரை அசத்துவது அதன் ஒரு பயன். அடிப்படைக் காரணம் வேறு. வரைபடத்தைக் காட்டுவதற்காக ஒரு கறுப்பர் மேசையைச் சுற்றி வந்து தன் பக்கத்தில் அமர்வதை அன்றைய அமெரிக்க வெள்ளையர் பலர் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். கட்டுமான இடங்களைப் பார்வையிடச் செல்லும்போது இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடியே அவர் நடப்பார். ஒரு கறுப்பரின் கையைக் குலுக்குவதா வேண்டாமா என்ற முடிவை எதிரே வருபவரிடமே விட்டுவிடுவார். தான் நீட்டிய கை காற்றில் தனித்து நிற்கும் அவமானத்துக்கு இடமளிக்க அவர் விரும்பவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தொடுகை பற்றிய இந்தக் கணக்கு நம் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

வில்லியம்ஸ் 1894 பிப்ரவரி 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். பெற்றோர் மெம்ஃபிஸ் நகரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அவருக்கு இரண்டு வயதானபோது தந்தையும், நான்கு வயதானபோது தாயும் காசநோயால் இறந்தனர். அண்ணனும் தம்பியும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தனர். பாலை வளர்த்த பெண்மணி சிறுவனின் ஓவியத் திறனைக் கண்டுகொண்டு ஊக்கமளித்தார். தொடக்கப் பள்ளியில் அவர் ஒருவர் மட்டுமே கறுப்பினக் குழந்தை.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது கட்டடக் கலைஞராகப் போவதாகச் சொன்ன மாணவனை ஆசிரியர் ஒருவர் தடுத்தார். அவர் அடுக்கிய காரணத்தில் ஒரு தர்க்கம் இருந்தது. வெள்ளையர்கள் கறுப்பரிடம் வேலை தரமாட்டார்கள். கறுப்பர்களிடமோ கட்டடம் கட்டப் பணம் இல்லை. ஆகவே இந்தத் தொழிலில் பிழைக்க வழியில்லை. அறிவுரையின் வேடத்தில் வரும் தடை எப்போதும் இத்தகைய கணக்கோடுதான் வருகிறது. நிறத்தைக் காரணமாக்கி இப்போது பின்வாங்கினால் வாழ்நாள் முழுவதும் பின்வாங்கும் பழக்கமே மிஞ்சும் என்று அந்த இளைஞர் தனக்குள் வாதாடிக்கொண்டதைப் பிற்காலத்தில் எழுதினார்.

நகரத்துக் கட்டடக் கலைஞர்களின் முகவரிகளைத் தொகுத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். சில இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. அவற்றுள் ஊதியமே தராத ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்குதான் அதிகம் கற்க முடியும் என்பது அவர் எண்ணம். நிலவெளி வடிவமைப்பாளர் ஒருவரிடமும், செல்வந்தர் மாளிகைகளில் பேர் பெற்ற ரெஜினால்ட் ஜான்சனிடமும், பெரிய பொதுக் கட்டடங்களைச் செய்த ஜான் ஆஸ்டினிடமும் அடுத்தடுத்துப் பணியாற்றினார். இடையில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். 1917இல் டெல்லா மே கிவன்ஸை மணந்தார். 1921இல் மாநில உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டு சொந்த அலுவலகம் திறந்தார். 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவரானார்.

பெயரைக் கேட்டும் வேலையைக் கண்டும் தேடி வந்து, ஆளின் நிறத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உறைந்து போகும் வாடிக்கையாளர்கள் அவருக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களைக் கையாள ஓர் உபாயம் வைத்திருந்தார். எவ்வளவு செலவில் வீடு கட்ட நினைக்கிறீர்கள் என்று கேட்பார். அவர்கள் சொல்லும் தொகைக்கு மேலான ஒரு தொகையைக் குறிப்பிட்டு, அதற்குக் குறைந்த வேலைகளைத் தான் ஏற்பதில்லை என்று பணிவாக மறுப்பார். மறுக்க வந்தவர் மறுக்கப்பட்டு நிற்கும் அந்த நொடியில், வந்ததற்காகச் சில யோசனைகளைச் சொல்கிறேன் என்று பென்சிலை எடுப்பார். அதன்பின் பலர் எழுந்து போவதில்லை.

கார் உற்பத்தியாளர் ஈ. எல். கார்டின் கதை அதைவிடப் பெரிது. பெவர்லி ஹில்ஸில் மாபெரும் மாளிகை கட்ட விரும்பிய கார்ட், தொடக்க வரைபடங்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று பலரையும் கேட்டார். மற்றவர்கள் வாரக் கணக்கில் அவகாசம் கேட்டனர். மறுநாள் மாலையே தருவதாகச் சொன்ன வில்லியம்ஸ் ஏறத்தாழ 22 மணி நேரம் உணவும் உறக்கமும் இன்றி வரைந்து முடித்தார். வேலை அவருக்கே கிடைத்தது. வெள்ளையர் ஒருவருக்கு மூன்று வாரம் இயல்பான காலமென்றால், கறுப்பருக்கு ஒரே நாள்! இதைத் திறமையின் வெற்றியாக மட்டும் கொண்டாடும் கட்டுரைகள் இணையத்தில் ஏராளம். அந்த 22 மணி நேரம் ஒரு வரி. நிறத்துக்காகக் கட்ட வேண்டியிருந்த வரி.

இனி இந்த வாழ்வின் மையமான முரணுக்கு வருவோம். அமெரிக்க நகரங்களின் நல்ல குடியிருப்புகளில் நிலப் பத்திரங்களிலேயே இனத்தடை நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். இந்த மனையை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது அதன் சாரம். 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது. இத்தகைய பத்திரங்களில் வழக்கமாக ஒரே ஒரு விலக்கு உண்டு: வீட்டு வேலைக்காரர்கள் தங்கலாம். வில்லியம்ஸ் வரைந்த மாளிகைகள் பல இத்தகைய பகுதிகளில் எழுந்தன. அந்த வரைபடங்களில் சமையலறைக்கு அப்பால் பணியாளர் அறைகளையும் அவரே வரைந்தார். தான் உருவாக்கிய வீட்டில் தன் இனத்தார் இரவு தங்கச் சட்டம் அனுமதித்த இடம் அவ்வளவுதான்.

இதை அவர் அறியாதவர் அல்லர். 1937இல் ஓர் அமெரிக்க மாத இதழில் தன் வாழ்வைப் பற்றி எழுதியபோது இதையே முதன்மையாக வைத்தார். பகலில் நாட்டின் மிக அழகிய பகுதியொன்றில் எழப்போகும் வீட்டை வரைகிறார். அங்கே குடியேறப் பொருள் வசதி அவருக்கும் உண்டு. ஆனால் மாலையில் கறுப்பர்களுக்கு விடப்பட்ட பகுதியிலுள்ள தன் சிறு வீட்டுக்குத் திரும்புகிறார். புகார் தொனியின்றி, வெறும் தகவலாக அதைச் சொல்லிச் சென்றார்.

ஃபிராங்க் சினாட்ரா, லூசில் பால் போன்றோருக்கு வீடு வடிவமைத்ததால் அவர் பெயர் திரைநட்சத்திரங்களோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய பாணி, ஆங்கிலேய பாணி, பின்னர் நவீன பாணி என எதையும் அவர் கையாண்டார். வளைந்தேறும் மாடிப்படியும், அறையிலிருந்து தோட்டத்துக்கு இயல்பாக நடந்து செல்லும் அமைப்பும் அவர் முத்திரைகள். ஒரே கொள்கையைப் பிடித்துக்கொண்டு அறிக்கை விடுவோரைப் போற்றும் கட்டடக் கலை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. இன்றும் ஒரு பிழை தொடர்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் வளைவுகளின் மேல் தட்டு போல நிற்கும் கட்டடத்தை அவர் தனியே வடிவமைத்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது ஒரு கூட்டு முயற்சி. அவர் அதில் ஒருவர். அவருக்கு இல்லாத புகழைச் சேர்க்க வேண்டிய தேவை ஏதுமில்லை.

ஏனெனில் நகரின் மறுபாதியிலும் அவர் கட்டினார். 1926இல் 28ஆம் தெருவில் கறுப்பின இளைஞர்களுக்காக எழுந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் அவருடையது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ், கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் ஆகியோரின் உருவங்களை அதன் முகப்பில் பதித்தார். உள்ளே தங்கும் அறைகளும் உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் இருந்தன. நீச்சல் குளத்தின் பொருள் எளிதில் புரியாமல் போகலாம். பக்கத்து நகரான பாசதீனாவின் பொதுக் குளத்தில் வெள்ளையர் அல்லாதோர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். அதன்பின் நீர் முழுவதையும் வெளியேற்றிக் குளத்தைக் கழுவினார்கள். மகாட் குளத்தில் 1927இல் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்திய பின் சாதி இந்துக்கள் தீட்டுக் கழித்த செய்தியை அறிந்தவர்களுக்கு, 28ஆம் தெருக் கட்டடத்துக்குள் இருந்த அந்த நீரின் மதிப்பு தெரியும்.

வெள்ளையர் நிறுவனங்கள் கறுப்பர்களுக்குக் காப்பீடு மறுத்த, அல்லது கூடுதல் கட்டணம் வாங்கிய காலத்தில், கறுப்பர்களே தொடங்கிய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் நிறுவனத்துக்கு 1949இல் தலைமை அலுவலகம் கட்டினார். கலிஃபோர்னியாவை உருவாக்கியதில் கறுப்பினத்தவரின் பங்கைச் சொல்லும் இரு பெரும் ஓவியங்கள் அதன் முகப்புக் கூடத்தில் இடம்பெற்றன. வாஷிங்டனில் ஹில்யார்ட் ராபின்சனோடு சேர்ந்து லாங்ஸ்டன் டெரஸ் என்ற அரசுக் குடியிருப்பில் பங்காற்றினார். லாஸ் ஏஞ்சலிஸில் 1940களின் தொடக்கத்தில் பியூப்லோ டெல் ரியோ, 1955இல் வாட்ஸ் பகுதியில் 1,066 வீடுகள் கொண்ட நிக்கர்சன் கார்டன்ஸ் ஆகியவையும் அவர் கை பட்டவை. போர் முடிந்த 1945, 1946 ஆண்டுகளில் சிறு வீடுகளின் வரைபடங்களைத் தொகுத்து இரு நூல்கள் வெளியிட்டார். மாளிகைக்காரர்களிடம் கற்ற ஒளியும் காற்றும் தோட்டமும் குறைந்த வருவாய்க் குடும்பத்துக்கும் வேண்டும் என்பது அவற்றின் வாதம்.

நிக்கர்சன் கார்டன்ஸ் பிற்காலத்தில் வறுமைக்கும் வன்முறைக்கும் பெயர் பெற்றது. வடிவமைப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. வேலைவாய்ப்பு வெளியேறி, பராமரிப்புப் பணம் வற்றி, ஒரே இன ஏழைகளை ஒரே இடத்தில் குவித்து வைத்த கொள்கையை நல்ல சன்னல்களால் ஈடுசெய்ய முடியாது. கட்டடக் கலையின் மீது அளவற்ற நம்பிக்கை வைத்திருந்த அவருக்கு அந்த எல்லை எந்த அளவு தெரிந்திருந்தது என்பது கேள்விதான்.

வேறொரு விமர்சனமும் எழுப்பத் தக்கது. தலைகீழாய் வரைந்ததும், கைகளைப் பின்னால் கோத்ததும் பணிந்து போவதல்லவா? போராட்டக் களத்தில் நிற்கும் இளைஞர் இப்படிக் கேட்பது நியாயமே. அவர் தெருவில் இறங்கியவர் அல்லர். பண்பாலும் உழைப்பாலும் தனிமனிதர் மேலெழ முடியும் என நம்பியவர். அந்த நம்பிக்கை அவரைப் போன்ற அபூர்வத் திறமை இல்லாத ஆயிரமாயிரம் பேருக்கு எதையும் தராது என்பதே என் கருத்து. ஆனாலும் அவர் செய்ததில் இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளையர் போட்ட இடைவெளியை ஏற்றுக்கொண்டு, அந்த இடைவெளிக்குள்ளேயே அவர்களால் செய்ய முடியாத ஒன்றைச் செய்து காட்டினார். அவமதிப்பு கோரிய தூரத்தையே தன் தொழில்திறனின் மேடையாக்கினார். இதைப் பணிவு என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க எனக்கு மனமில்லை.

1948இல் இனத்தடை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குமுன் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த லாஃபயெட் சதுக்கத்தில் வில்லியம்ஸ் மனை வாங்கினார். 1951இல் அங்கே குடியேறினார். முப்பது ஆண்டுகள் பிறருக்கு வீடு வரைந்தவர், தனக்காகத் தானே வரைந்த வீட்டில் நுழைந்தபோது அவருக்கு வயது 57.

பெற்றோர் விட்டுவந்த மெம்ஃபிஸில் 1962இல் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன வேறுபாடின்றிக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்ட அந்த மருத்துவமனையின் விண்மீன் வடிவ முதல் கட்டடத்தை ஊதியம் பெறாமல் வடிவமைத்துக் கொடுத்தார். 1973இல் ஓய்வு பெற்றார். 1980 ஜனவரி 23 அன்று மறைந்தார். கட்டடக் கலைஞர் கழகம் தன் மிக உயரிய தங்கப் பதக்கத்தை அவருக்கு 2017இல்தான் வழங்கியது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இறந்து 37 ஆண்டுகளுக்குப் பின்.

1992இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் ஒரு வங்கிக் கட்டடம் எரிந்தபோது அங்கிருந்த அவருடைய அலுவலக ஆவணங்கள் சாம்பலாயின. வரைபடங்களும் அழிந்துவிட்டன என்றே ஆய்வாளர் பலர் நம்பினர். அவை வேறிடத்தில் இருந்தன. ஆயிரக்கணக்கான அந்தத் தாள்களைப் பேத்தி பல்லாண்டுகள் காத்து வைத்திருந்தார். 2020இல் அவர் படித்த பல்கலைக்கழகமும் கெட்டி ஆய்வு நிறுவனமும் இணைந்து அவற்றைப் பெற்றுக்கொண்டன.