பிரேம்சந்த் ராய்சந்தும் பழைய பங்கு விலையும்

ஓய்வூதியப் பணத்தைப் பங்குகளில் போடுவோர் நம் குடியிருப்பிலும் கூடிவருகிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய பங்குத் தரகரின் வாழ்க்கை.

பிரேம்சந்த் ராய்சந்த் 1831இல் சூரத்தில் பிறந்தவர். பம்பாயில் பங்குத் தரகராகவும் பருத்தி வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டினார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வரத்துக் குறைந்ததால் இங்கிலாந்து ஆலைகள் நம் நாட்டுப் பருத்தியை நாடின. பம்பாயில் பணம் குவிந்தது. புதுக் கம்பெனிகள் முளைத்தன. பம்பாய் வங்கியின் பங்கு 2,850 ரூபாயைத் தொட்டது. அந்த வங்கியில் பிரேம்சந்தின் செல்வாக்கு பெரிது. பங்குகளை ஈடாக வைத்தே கடன் தாராளமாகக் கிடைத்தது.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. அதே வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. பிரேம்சந்தும் நொடித்துப்போனார். பின்னர் ஓரளவு மீண்டு, 1906இல் காலமானார். நல்ல காலத்தில் அவர் கொடுத்த நன்கொடையால் எழுந்த ராஜாபாய் கோபுரம், அவர் தாயாரின் பெயரோடு மும்பையில் இன்றும் நிற்கிறது.

1864 வரையிலான விலையை மட்டும் பார்த்தவருக்கு ஏற்றம்தான் தெரிந்திருக்கும். பங்குச்சந்தை இணையதளங்களில் பழைய விலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓராண்டோடு நிறுத்தாமல் பத்து, பதினைந்து ஆண்டுகளைப் பாருங்கள். 2008இலும் 2020இலும் எவ்வளவு இறங்கியது, மீள எத்தனை மாதம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் விலை பாதியாகியிருந்தால், போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்ததா என்று பாருங்கள். ஏறிய காரணம் நிலைக்குமா என்பதையும் யோசித்த பிறகே பணத்தை எடுங்கள்.