ஒரு கஜத் தூரத்து முகங்கள்

ஆண்டி வார்ஹாலைக் கேள்விப்படாத ஓவிய மாணவர் இரார். சூப் டப்பாக்களை வரைந்து உலகைத் திகைக்க வைத்தவர். அவர் கையில் கடைசி வரை இருந்த மலிவான காமிரா ஒன்றை அறிந்தவர்களோ சிலரே.

1928 ஆகஸ்டு 6ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். (வெளியூரில் வாழும் நமக்கு இது புதிய கதையன்று.) எட்டாம் வயதில் நரம்பு நோய் கண்டது. கைகால்கள் தாமாகவே ஆடின. தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறியது. படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைக்குத் தாயார் ஜூலியா படப் பத்திரிகைகளைக் கொடுத்தார். மாசு மருவற்ற சினிமா நட்சத்திரங்களின் முகங்களைப் பிள்ளை சேர்த்து வைத்தது. தம் முகத்தைப் பற்றிய கூச்சம் மட்டும் அவரை இறுதி வரை விடவில்லை. தலைமயிர் உதிர்ந்தபோது பொய்முடி அணிந்தார்.

1949இல் நியூயார்க் சென்று விளம்பரப் படங்கள் வரைந்தார். 1962இல் புகழ் வந்தது. 1968இல் ஒரு பெண் அவரைத் துப்பாக்கியால் சுட்டாள். மருத்துவர்கள் உயிரைக் காத்தனர், தழும்புகள் நிலைத்தன. பின்னர், செல்வர்கள் கேட்டு வாங்கிய உருவப்படங்களே அவருக்குப் பெரும் வருவாய் ஆயின.

அதற்கு வாய்த்த கருவிதான் 1971இல் போலராய்டு நிறுவனம் வெளியிட்ட ‘பிக் ஷாட்’. விலை இருபது டாலருக்குச் சற்றுக் குறைவு. அழகில்லாத நீண்ட பிளாஸ்டிக் பெட்டி. விஞ்ஞான மாணவனாகிய எனக்கு அதன் எளிமையே வியப்பூட்டுகிறது. வில்லையின் குவியத் தூரம் 220 மில்லிமீட்டர். அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. முகம் ஏறக்குறைய ஒரு கஜத்திற்கு அப்பால் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். ஆகவே, காமிராவைத் திருகுவதற்குப் பதில் மனிதர்தாம் முன்னும் பின்னும் அசைய வேண்டும்! பார்வைத் துளையில் தெரியும் இரு பிம்பங்களும் ஒன்றாகும் இடத்தில் நின்று அழுத்தினால், மின்கலமின்றியே எரியும் பல்பு பளீரென ஒளி வீசும். ஒரு நிமிடம் பொறுத்துத் தாளை உரித்தால் வண்ணப்படம்.

அந்த ஒளியைத்தான் வார்ஹால் விரும்பினார். நேரே பாயும் ஒளியில் சுருக்கங்கள் மங்கிவிடும். அதுவும் போதாதென்று, வந்தவர் முகத்தில் வெள்ளைப் பூச்சும் பூசச் செய்வார். டஜன் டஜனாக எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, பெரிதாக்கி, பட்டுத் திரை வழியே நாற்பது அங்குலச் சதுரத் துணியில் அச்சிட்டு வண்ணம் தீட்டுவார். முதல் படத்திற்கு 25,000 டாலர்! 1977இல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியையும் அவரது பயிற்சி முகாமுக்கே சென்று இக்காமிராவால் படம் பிடித்தார்.

பணக்காரர்களுக்கு முகத்துதி செய்கிறார் என்று விமர்சகர்கள் ஏசினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கோ, தம் முகத்திற்குக் கிடைக்காத ஒன்றை அவர் பிறர் முகங்களுக்கு வாரி வழங்கினார் என்றே தோன்றுகிறது.

1973இலேயே அக்காமிராவின் உற்பத்தி நின்றது. அவர் அதை விடவில்லை. 1987 பிப்ரவரி 22ஆம் நாள், பித்தப்பை அறுவைக்குப் பின், 58ஆம் வயதில் காலமானார். அவர் எடுத்த 28,500க்கு மேற்பட்ட புகைப்படங்களை, 2007இல் அவர் பெயரால் அமைந்த அறநிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகக் காட்சிசாலைகளுக்குப் பகிர்ந்தளித்தது. ஓவியமாகத் தேர்வு பெறாத முகங்களும் அவற்றில் உள்ளன.