நாள் குறித்த நேகலே

ஒரு பெண் கருவுற்றாள் என்ற செய்தி கேட்டதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, பேறுகாலம் எப்போது என்பதுதான். பாட்டிமார் விரல்விட்டு மாதங்களை எண்ணுவர். டாக்டரோ ஒரே நிமிடத்தில் தேதியையே எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு மனிதர் மறைந்து நிற்கிறார். மருத்துவ மாணவர் யாவரும் அவர் பெயரை மனப்பாடம் செய்கின்றனர்; அவருடைய வாழ்வை அறிந்தவர் மிகச் சிலரே. நான் மருத்துவம் பயில்பவன் அல்லன், பௌதிகம் பயில்பவன். ஆயினும், அளப்பதும் கணிப்பதும் எங்கள் துறையின் உயிர்நாடி என்பதால், அப்பெரியாரின் வரலாற்றை நம் சங்க அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

அவர் பெயர் பிரான்ஸ் கார்ல் நேகலே. ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ப் நகரில் 1778ஆம் ஆண்டு பிறந்தார். மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றபின் பார்மென் என்னும் ஊரில் சில காலம் தொழில் நடத்தினார். 1807இல் ஹைடல்பர்க் பல்கலைக் கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. அங்கே மகப்பேற்று மருத்துவத்தில் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் பிரான்ஸ் ஆன்டன் மாய் என்பவரின் மகளை மணந்தார். பின்னர் அத்துறையின் தலைமையும் அவரிடமே வந்து சேர்ந்தது. வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதையும் அந்நகரிலேயே கழித்தார்.

அக்காலத்தில் பிரசவம் என்பது தாய்க்கு மறுபிறப்பு. அறுவை செய்து குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது அரிது. மயக்க மருந்தோ, கிருமி நீக்கமோ வழக்கில் வராத நாட்கள் அவை. பல பெண்கள் நாட்கணக்கில் வேதனைப்பட்டு மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. நேகலே இதற்குத் தெய்வத்தைப் பழிக்கவில்லை, எலும்பை அளந்தார். பெண்களின் இடுப்பெலும்புக் கூடுகளை ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். வெளித்தோற்றத்தில் குறை ஏதும் தெரியாத சில பெண்களுக்கு இடுப்பின் ஒரு பக்கம் வளராது ஒடுங்கி, குழந்தை வரும் வழியே கோணலாகி இருப்பதைக் கண்டார். 1839இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவ்வகை இடுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மைந்தர் ஹெர்மன் பிரான்ஸ் நேகலேயும் இத்துறையிலேயே உழைத்து, கருவிலுள்ள சிசுவின் இதய ஒலியைச் செவியால் கேட்டறியும் முறை பற்றி 1838இல் நூல் எழுதினார்.

நிற்க. நேகலேயின் பெயரை உலகெங்கும் பரப்பியது அவருடைய பெரிய ஆராய்ச்சி அன்று. மிகச் சிறியதொரு கணக்கு. மருத்துவச்சிகளுக்காக அவர் 1830இல் ஒரு பாடநூல் எழுதினார். எளிய கல்வி மட்டுமே பெற்ற பெண்களும் விளங்கிக்கொள்ளத்தக்க கணக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடைசி மாதவிலக்கின் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னே சென்று, ஏழு நாட்களைக் கூட்டுக என்பதே அவ்விதி. மாதவிலக்கு மே 10இல் வந்ததெனில், பேறுகாலம் அடுத்த பிப்ரவரி 17. இதன் வேர் லைடன் நகரப் பேராசிரியர் போயர்ஹாவேயின் போதனைகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது.

இக்கணக்கின் அடிப்படை 280 நாட்கள். நம் முன்னோர் பத்து மாதம் என்றார்களே, அதுவும் இதுவும் முரண்படுபவை அல்ல. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 தானே! ஆங்கில மாதங்கள் ஒரே அளவின அல்ல ஆதலால், விதிப்படி எண்ணினால் 280 முதல் 283 வரை வரும். மேலே சொன்ன மே மாத உதாரணத்தில் 283 நாட்கள் ஆகின்றன. இது சிறு பிழை. பெரிய பிழை வேறிடத்தில் உள்ளது. எல்லாப் பெண்களுக்கும் மாதவிலக்கு இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை வரும் என்றும், பதினான்காம் நாள் அளவில் கரு உண்டாகும் என்றும் அக்கணக்கு வைத்துக்கொள்கிறது.

இதை ஏட்டளவில் மட்டும் நான் அறிந்தேன் அல்லேன். என் அக்காவுக்கு மாதவிலக்கு முப்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். இதை எவரும் அவளிடம் கேட்கவில்லை. முதல் ஸ்கேன் எடுத்ததே ஆறாம் மாதத்தில். எழுதிக் கொடுத்த தேதி கடந்தது. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்; சம்பந்தி வீட்டார் நாளொன்றுக்கு மூன்று முறை போன் செய்தனர்; அக்காவோ தன்மேலேயே குற்றம் இருப்பதுபோல் அழுதாள். நான் ஆயிரம் மைலுக்கு அப்பால் விடுதி அறையில் அமர்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஏழு நாட்களைக் கூட்டியதும் தேதி தானே நகர்ந்தது. அதைத் தொலைபேசியில் அவளுக்கு விளக்கினேன். டாக்டரிடமும் சொல்லச் சொன்னேன். எட்டாம் நாள் மருமகள் சுகமாகப் பிறந்தாள்.

நேகலேக்குப் பின் விஞ்ஞானம் நெடுந்தூரம் வந்துவிட்டது. கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்ட் என்பவர் 1958இல் ஒலி அலைகளால் கருப்பையைப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். 1973இல் அந்நகரிலேயே ஹியூ ராபின்சன், முதல் மூன்று மாதங்களுக்குள் சிசுவின் நீளத்தை அளந்து வயதைக் கணிக்கலாம் எனக் காட்டினார். இன்று முதல் மாதங்களில் எடுக்கும் ஸ்கேனே நம்பகமான சான்று. ஆயினும், குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் இன்றும் நூற்றுக்கு ஐந்து அளவே. முப்பத்தேழாம் வாரம் முதல் நாற்பத்திரண்டாம் வாரம் வரை எந்நாளும் இயல்பே. நாற்பத்தொரு வாரம் கடந்தால் கவனம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. அதற்காகவே நாளைச் சரியாகக் கணிக்க வேண்டும்.

எங்கள் சோதனைச்சாலையில் எந்த அளவையும் பிழையெல்லையோடு சேர்த்தே எழுதவேண்டும். இல்லையேல் ஆசிரியர் ஏற்கமாட்டார். தாயின் கையில் கொடுக்கும் தேதிக்கு மட்டும் அவ்வெல்லையை எவரும் எழுதுவதில்லை. 1851இல் கண்மூடிய நேகலே விட்டுச் சென்றது மருத்துவச்சிகளுக்கு ஒரு வழிகாட்டி. விதித்த கெடு அன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் கர்ப்பிணிப் பெண் இருப்பின், மாதவிலக்கு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வரும் என்பதை டாக்டரிடம் தாமாகவே கூறும்படியும், முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுக்கும்படியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். வீணான கண்ணீர் சிறிதேனும் குறையும்.